கடைசி நாற்பது மீற்றர்

இந்த வருடத்து மூத்தோர் மெய்வல்லுநர் போட்டிகள் எனக்கு முடிந்துவிட்டன. 45 முதல் 49 வயது வரையான பெண்கள் பிரிவில் 100 மீற்றரும் 200 மீற்றரும் ஓடுகிறேன். மலையகத்தில் கொட்டகலைப் பக்கம் ஒரு பாடசாலையில் டீச்சராக வேலை. ஓட்டம் என் தொழில் இல்லை. ஆனாலும் ஜனவரியிலிருந்து மனதில் பாதி இடத்தை அதுதான் பிடித்துக்கொண்டிருந்தது. பருவத்தின் முதல் பாதியில் எங்கே ஓடினாலும் நடந்தது ஒன்றுதான். துவக்கு வெடித்ததும் நான் முன்னால் போய்விடுவேன். ஐம்பது, அறுபது மீற்றர் வரைக்கும் பக்கத்தில் ஆள் இருக்காது. அப்புறம் வலது பக்கம் ஒரு மூச்சுச் சத்தம் கேட்கும், இடது பக்கம் ஒரு தோள் தெரியும். கடைசி நாற்பது மீற்றரில் என்னைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

வயசாகிறது, அப்படித்தான் இருக்கும் என்று பலரும் சொன்னார்கள். என்னைத் தாண்டிப் போனவர்களுக்கும் என் வயதுதானே. ஆகவே காரணத்தை வேறு இடத்தில் தேடினேன். கிடைத்த பதில் என் ஒருத்தியோடு நிற்கவில்லை. இந்த மலைகளில் ஓடப் பழகுகிற பிள்ளைகள் எல்லாருக்கும் அது பொருந்தும் என்று நம்புகிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மூத்தோர் போட்டி என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் நிறையப் பேருக்குத் தெரியாது. 35 வயது நிறைந்த எவரும் ஓடலாம். ஐந்தைந்து வயதாகப் பிரித்திருப்பார்கள். 35–39, 40–44 என்று தொடங்கி நூறு வயதையும் தாண்டிப் போகும். இதற்கான முதல் உலகப் போட்டி 1975இல் கனடாவின் டொரோண்டோவில் நடந்தது. தூரம், லேன், காற்றை அளப்பது எல்லாம் மற்றப் பெரிய போட்டிகளில் உள்ளபடிதான். ஒரு சலுகை மட்டும் உண்டு. ஸ்டார்ட்டிங் பிளொக்கில் கால் வைத்துக் குனிந்துதான் புறப்பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நின்றபடியும் புறப்படலாம். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு அது பெரிய உதவி. நான் பிளொக் வைத்துத்தான் ஓடுகிறேன். என் பலமே புறப்பாடுதான்.

2023இல் முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் போட்டிக்குப் போய், 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கமும், 800 மீற்றரில் வெண்கலமும் வாங்கி வந்தார். அப்போது அவருக்கு வயது 72. அந்தப் படம் பத்திரிகைகளிலும் போன்களிலும் சுற்றியது. அதுவரை "டீச்சர், இந்த வயசுல எதுக்கு ஓடுறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்தப் படத்தை எனக்கே அனுப்பி, "அடுத்தது நீங்கதான்" என்று எழுதினார்கள். எங்கோ முல்லைத்தீவில் ஒரு அம்மா ஓடியதால் கொட்டகலை றோட்டில் எனக்கு வழி கிடைத்தது. அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு.

பருவத்தில் முதலில் ஓடிய போட்டி கண்டி போகம்பரை மைதானத்தில். நாங்கள் இருப்பது 1200 மீற்றருக்கு மேலே. கண்டி அதில் பாதி உயரம்கூட இல்லை. பஸ்ஸில் இறங்க இறங்கக் குளிர் விட்டுப்போய் உடம்பு தளர்வாவது தெரியும். குறுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு அது நல்லது. எங்கள் ஊரில் விடியற்காலையில் தொடையின் பின்தசை சூடாவதற்கு முக்கால் மணி நேரம் வேண்டும். கண்டியில் பாதி நேரத்திலேயே தயாராகிவிட்டேன். நான்காவது லேன். என் வலப்பக்கம் கேகாலையிலிருந்து வந்த ஒரு அக்கா, சிங்களவர், பல வருடமாக இந்தப் போட்டிகளில் ஓடுகிறவர். கறுத்து மெலிந்த, நீண்ட கால்கள். புறப்படும்போது அவர் கொஞ்சமும் அவசரப்படவில்லை. நான் முப்பதாவது மீற்றரில் அவரை விட இரண்டு எட்டு முன்னால் இருந்திருப்பேன். எண்பதில் அவர் என் பக்கத்தில். முடிவுக் கோட்டில் நான் மூன்றாவது, 15.6 செக்கன், கைக்கடிகாரக் கணக்கு.

மூச்சு வாங்கிக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தபோது அவர் வந்து தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். என் சிங்களம் சுமார்தான், ஆனால் அவர் சொன்னது ஒரு சொல் விடாமல் புரிந்தது. "நங்கி (தங்கச்சி), உன் புறப்பாடு அவ்வளவு நல்லா இருக்கு. பிறகு ஏன் ஓடுறதை நிப்பாட்டிடுறே?" நான் நிப்பாட்டவில்லை அக்கா, முழு மூச்சாகத்தான் ஓடினேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "பின்னாலிருந்து நான் பார்த்துக்கிட்டே வந்தேன். மேடு ஏறுற மாதிரியே கடைசி வரைக்கும் ஓடுறே. இங்கே மேடு இல்லையே."

அன்று திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சுத்தான் மண்டைக்குள் ஓடியது. கம்பளையைத் தாண்டி, நாவலப்பிட்டியைத் தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பாதையில் ஒரு நேரான, சமமான நூறு மீற்றரைக் கண்ணால் தேடிக்கொண்டே வந்தேன். கினிகத்தேனை வரைக்கும் தேடினேன். வீடு வந்து சேரும் வரையும் தேடினேன்.

100 மீற்றரில் உடம்பு செய்கிற வேலை முதலிலிருந்து கடைசி வரை ஒரே மாதிரி இல்லை. முதல் முப்பது மீற்றரில் உடம்பு முன்னுக்குச் சாய்ந்திருக்கும், கால் தரையைப் பின்னுக்குத் தள்ளும், ஒவ்வொரு எட்டும் தரையில் நீண்ட நேரம் நிற்கும். மேட்டில் ஏறுவதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். அதற்குப் பிறகு உடம்பு நிமிர வேண்டும். இடுப்பு உயர வேண்டும். பாதம் உடம்புக்கு நேர் கீழே விழுந்து, தொட்ட உடனே கிளம்பிவிட வேண்டும். உலகத் தரத்தில் ஓடுகிறவர்களின் பாதம் அந்த நேரத்தில் ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் தரையில் இருக்கும். அந்த வேகத்தை எட்டிய பிறகு, இறுகாமல் அதைக் காப்பாற்றிக்கொண்டு போவதுதான் கடைசி நாற்பது மீற்றர்.

முதல் வேலையை மலை எங்களுக்குச் சின்ன வயதிலேயே கற்றுத் தந்துவிடுகிறது. நான் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா கொழுந்தெடுக்கும் மலைக்குத் தேத்தண்ணி கொண்டுபோவது என் வேலை. றோட்டைச் சுற்றிப் போனால் ஆறிவிடும் என்று தேயிலைக்கு நடுவில் குறுக்குப் பாதையில் ஓடி ஏறுவேன். இறங்கும்போது குதிகாலை ஊன்றி, பின்னுக்குச் சாய்ந்து, பிடித்துப் பிடித்து இறங்குவேன். எங்கள் பிள்ளைகளின் கெண்டைக்காலும் இடுப்பும் அப்படித்தான் இறுகியது. ஏறவும் தெரியும், இறங்கும்போது பிடித்து நிறுத்தவும் தெரியும். நிமிர்ந்து, இடுப்பை உயர்த்தி, கால்களை விட்டுவிட்டு ஓடுகிற அந்த இரண்டாவது வேலைக்கு ஒரு சமதரை வேண்டும். அது எங்களிடம் இல்லை.

சமதரை என்று சும்மா சொல்லவில்லை. ஓட்டம் போகும் திசையில் ஆயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் சரிவு இருக்கக்கூடாது என்பது சர்வதேச விதி. அதாவது 100 மீற்றரில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் 10 சென்றிமீற்றருக்கு மேல் இறக்கம் இருக்கக்கூடாது. எங்கள் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி நடக்கிற தோட்டத்து மைதானத்தில் மழை பெய்தால், ஒரு பக்கத்துத் தண்ணீர் முழுக்க மறு பக்கத்துக்கு ஓடி வந்து நிற்கும். அங்கே சுண்ணாம்புக் கோடு போட்டு 200 மீற்றர் சுற்றுப்பாதைதான் அமைக்க முடியும். அதனால் நூறு மீற்றர் ஓட்டம் என்றால் பாதி வளைவில் போகும். பிள்ளை தன் உச்ச வேகத்தை எட்டுகிற அதே இடத்தில் வளைவு வந்துவிடும். வேகத்தைக் குறைக்காவிட்டால் மேட்டில் மோத வேண்டும், இல்லாவிட்டால் கானுக்குள் இறங்க வேண்டும். ஓடி முடித்து நிற்பதற்கும் பதினைந்து இருபது மீற்றர் வேண்டும் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

வயதுக்கும் இதில் பங்கு உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. மூத்த ஓட்டக்காரர்களைக் கமெராவும் தரையடி விசை அளக்கும் கருவிகளும் வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். வயது ஏற ஏறக் கால்கள் மாறி மாறி விழும் எண்ணிக்கை பெரிதாகக் குறைவதில்லை. எட்டின் நீளம் குறைகிறது, பாதம் தரையில் நிற்கும் நேரம் கூடுகிறது. வேகமாகச் சுருங்கும் தசை இழைகள் மெலிகின்றன. உச்ச வேகமும் இளையவர்களைவிட முன்னதாகவே வந்து போய்விடுகிறது. அப்படியென்றால் மூத்தவர்களுக்குக் கடைசி நாற்பது மீற்றர் இயல்பாகவே கடினம். மலையில் மட்டும் பழகியவருக்கு அது இரட்டிப்புக் கடினம். முதலாவதை நான் மாற்ற முடியாது. இரண்டாவதை மாற்றலாம் என்று தீர்மானித்தேன்.

இந்த இடத்தில் மேர்லின் ஒட்டி என்ற ஓட்டக்காரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் நேரம் எனக்கு இருபத்தி சொச்சம் வயது. சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரில் 22.28 செக்கனில் மூன்றாவதாக வந்ததைப் பக்கத்து வீட்டு டீவியில் பார்த்தோம். தமிழ் சிங்களம் என்று இல்லாமல் அன்று எல்லா வீட்டிலும் ஒரே சத்தம். முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸின் பதக்கங்கள் ஊக்கமருந்துக் குற்றத்துக்காகப் பறிக்கப்பட்ட பிறகு சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியானது. அதே சிட்னியில் 100 மீற்றரில் நான்காவதாக வந்த ஒட்டிக்கும் அதே காரணத்தால் வெண்கலம் கிடைத்தது. அப்போது ஒட்டிக்கு வயது 40. யமேக்காவில் பிறந்து பிறகு சுலோவேனியாவுக்காக ஓடிய அவர், 2012இல் 52 வயதில் ஐரோப்பியப் போட்டியில் அஞ்சலோட்டம் ஓடினார். இளம் பெண்கள் ஓடும் அதே போட்டியில், அதே சுவட்டில். அவருடைய பழைய ஓட்டங்களின் வீடியோக்களை நான் இந்த வருடம் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அறுபது மீற்றருக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். தாடை தளர்ந்து கன்னம் ஆடும். கழுத்தில் ஒரு நரம்புகூட இறுகாது. நானோ அந்த இடத்தில் பல்லைக் கடிப்பேன்.

சரி, சமதரை தேடிய கதைக்கு வருகிறேன். ஹட்டனில் டன்பார் மைதானம் இருக்கிறது. கிரிக்கெட், கால்பந்து, கூட்டம் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். ஞாயிறு விடியலில் போனால் ஒரு ஓரம் கிடைக்கும். மே மாதம் பிறந்தால் தென்மேற்குப் பருவமழை எங்கள் பக்கத்து மலைகளில்தான் கொட்டும். ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கமெல்லாம் நாள்கணக்கில் விடாத மழை. மைதானம் சேறாகிவிடும். ஸ்பைக்ஸ் என்கிற ஓட்டச் சப்பாத்தின் ஆணிகளுக்குள் மண் அடைத்துக்கொண்டு கால் கனக்கும். மழை பலமான காலத்தில் ஊவாப் பக்கம் நல்ல வெயில். பண்டாரவளையில் நாத்தனார் வீடு இருப்பதால் பாடசாலை விடுமுறையில் அங்கே போய்த் தங்கி, காலையில் மைதானத்தில் ஓடினேன். மலையகம் என்று ஒரே பெயரில் சொல்கிறோம். ஒரு பக்கம் நனையும்போது மறு பக்கம் காய்கிறது. ஓடுகிறவர்களுக்கு அது பெரிய கொடை.

நுவரெலியாவுக்கும் போனேன். ரேஸ் கோர்ஸ் பக்கத்துப் புல்வெளியில் குதிரைகள் மேய்ந்துகொண்டிருக்கும். நேராக, சமமாக, கண்ணுக்கெட்டிய தூரம் புல். அங்கே முதல் தடவை கால்களை விட்டு ஓடியபோது ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, பயம் வந்துவிட்டது. "என்னம்மா, எங்கயாவது பிடிச்சிருச்சா?" என்று ஓடி வந்தார். எங்கேயும் பிடிக்கவில்லை. முதல் தடவையாக என் வேகம் என்னை எங்கே கொண்டுபோகும் என்று பார்க்க இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முப்பது மீற்றர் மெல்ல வேகம் கூட்டி வந்து, அடுத்த முப்பது மீற்றரை மட்டும் முழு வேகத்தில் ஓடுவது. அந்த இரண்டாவது முப்பதுக்குத்தான் அவர் ஸ்டொப் வொட்ச் அழுத்துவார். பிறகு முழுதாக மூச்சு வரும் வரை நடை. ஐந்து நிமிடம், சில நேரம் எட்டு நிமிடம். களைத்துப்போன காலால் உச்ச வேகம் கற்க முடியாது. இதை எங்கள் பாடசாலைகளில் விளங்கவைப்பது கஷ்டம். பிள்ளை நிற்கிறதைக் கண்டால் "ஏன் சும்மா நிக்கிறே, இன்னொரு ரவுண்ட் ஓடு" என்பார்கள். இன்னொன்று, பழைய ஹோஸ் குழாயைத் துண்டு துண்டாக வெட்டி, சம இடைவெளியில் புல்லில் போட்டு, ஒவ்வொரு துண்டையும் தாண்டிப் பாதம் நேராகக் கீழே விழும்படி ஓடுவது. இடைவெளி கொஞ்சம் கூடினாலும் என் பழைய பழக்கம் வந்து, பாதத்தை முன்னால் நீட்டிப் போடுவேன். அது வேகத்துக்குப் பிரேக். மேட்டில் நீட்டிப் போட்டால் ஏறலாம். சமதரையில் நீட்டிப் போட்டால் உடம்பு தன்னைத்தானே பிடித்து நிறுத்துகிறது.

உயரத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உயரமான இடத்தில் காற்று மெல்லியது, எதிர்ப்புக் குறைவு, அதனால் குறுந்தூர ஓட்டத்துக்கு அது சாதகம். 1968 மெக்சிக்கோ நகர ஒலிம்பிக் 2240 மீற்றர் உயரத்தில் நடந்தது. அங்கேதான் ஜிம் ஹைன்ஸ் 100 மீற்றரை 9.95இல் ஓடினார், லீ எவன்ஸ் 400 மீற்றரை 43.86இல் ஓடினார். 1000 மீற்றருக்கு மேலே ஓடிய நேரங்களுக்குப் பட்டியல்களில் தனி அடையாளம் போடுகிறார்கள். நம் நாட்டின் யுபுன் அபேகோன் 2022 ஜூலையில் 9.96 செக்கனில் ஓடி, பத்துச் செக்கனுக்குள் ஓடிய முதல் தெற்காசியர் ஆனார். அந்த ஓட்டம் சுவிற்சர்லாந்தில், கிட்டத்தட்ட 1000 மீற்றர் உயரத்தில் உள்ள ஒரு ஊரில் நடந்தது. ஹட்டன் அதைவிட உயரம். நுவரெலியா 1868 மீற்றர். வேகமாக ஓடுவதற்கு ஏற்ற காற்று எங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது. காலுக்குக் கீழேதான் நிலம் இல்லை.

மலையகம் என்றால் நீண்டதூரம் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். எங்கள் ஆட்கள் காட்டு வழியே நடந்தே வந்து மலையேறியவர்கள். 2023இல், அப்படி வந்து இருநூறு ஆண்டு ஆனதன் நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மீண்டும் நடந்து காட்டினார்கள். அந்த நடையில் நானும் கொஞ்ச தூரம் சேர்ந்துகொண்டேன், மனம் நிறைந்துபோனது. ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த குமார் சண்முகேஸ்வரன் 10,000 மீற்றரில் தேசிய மட்டத்தில் ஓடுவதைப் பார்க்கும்போது எங்களுக்கெல்லாம் பெருமை. அந்தப் பெருமையில் எனக்குக் குறைவில்லை. ஆனால் அதைக் காட்டியே ஒவ்வொரு பிள்ளையையும் நீண்டதூரத்துக்குத் தள்ளுவது சரியில்லை. வலய மட்டத்தில் 100 மீற்றரில் முதலாவது வரும் பிள்ளை, மாகாண மட்டத்தில் கண்டியிலோ மாத்தளையிலோ போய் ஓடுகிறது. முதல் ஐம்பது மீற்றரில் முன்னால் நிற்கிறது, பிறகு கடைசி நாற்பதில் பின்னால் போகிறது. நான் போட்டிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் டீச்சர், வருடா வருடம் இதைப் பார்க்கிறேன். உடனே தீர்ப்பு வந்துவிடும்: "இதுக்கு ஸ்பீட் இல்லை, 1500க்குப் போடுங்க." அந்தப் பிள்ளைக்கு வேகம் இருந்தது. அதைக் கடைசி வரை கொண்டுபோகிற பழக்கம் மட்டும் கிடைக்கவில்லை. நூற்றி இருபது மீற்றர் நேரான சமதரை கிடைத்திருந்தால் கிடைத்திருக்கும்.

பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு சுவரும் இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் ஓட்டம் நின்றுவிடும். கொழும்பில் வீட்டு வேலைக்கோ, கார்மெண்ட்ஸுக்கோ, இல்லை கலியாணமோ. பதினாறு வயதில் நிற்கிற ஓட்டம் முப்பத்தைந்தில் தானாகத் திரும்பி வராது. எனக்குத் திரும்பி வந்ததற்குக் காரணம் ஆசிரியர் வேலையும், கூடவே நிற்கிற ஒரு மனுசனும்தான்.

தேசிய மட்டப் போட்டி ஹோமாகமவில் உள்ள தியகம மைதானத்தில். முதல் நாள் இரவே இறங்கி வத்தளையில் தங்கச்சி வீட்டில் தங்கி, விடிய புறக்கோட்டைக்குப் போய் 138 பஸ்ஸில் ஹோமாகமவுக்குப் போனோம். காலை ஒன்பது மணிக்கே வெயில் சுட்டது. அதே கேகாலை அக்கா வந்திருந்தார், கட்டிப்பிடித்துக்கொண்டார். புறப்பாடு வழக்கம்போல நல்லது. நாற்பதாவது மீற்றரில் மனதுக்குள் "மேடு முடிஞ்சது" என்று சொல்லிக்கொண்டேன். பயிற்சியில் என் வீட்டுக்காரர் கத்துகிற சொல் அது. நிமிர்ந்தேன், தாடையை விட்டேன். எழுபதில் இடது பக்கம் சத்தம் வந்தது. முன்பெல்லாம் அந்தச் சத்தம் வந்த நொடியில் உடம்பு முழுக்க இறுகிவிடும். இந்தத் தடவை சத்தம் கூடவே வந்தது, தாண்டவில்லை. தொண்ணூறில்தான் தாண்டியது. நான்காவது இடம், பதக்கம் இல்லை. நேரம் 15.42.

இதை வீட்டில் சொன்னபோது, கண்டியில் 15.6, இப்போது 15.42, இவ்வளவுதானா முன்னேற்றம் என்று மகன் கேட்டான். கண்டி நேரம் கையால் அழுத்தியது. 100 மீற்றரில் கைக்கடிகார நேரத்தை மின்கருவி நேரத்தோடு ஒப்பிட 0.24 செக்கன் கூட்ட வேண்டும். அப்படிப் பார்த்தால் கண்டியில் ஓடியது 15.84. முன்னேற்றம் 0.42 செக்கன். என் வயதில் ஒரே பருவத்தில் அது சின்ன விஷயம் இல்லை. வீட்டுக்காரர் எடுத்த வீடியோவை வைத்து எண்ணிப் பார்த்தோம். முதல் அறுபது மீற்றரில் பெரிய வித்தியாசம் இல்லை. குறைந்த நேரத்தின் பெரும்பகுதி கடைசி நாற்பதில்தான் குறைந்திருக்கிறது. 200 மீற்றரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வளைவில் இடது பின்தசை இழுக்கப் பார்த்தது, பார்த்து ஓடி முடித்தேன்.

ஸ்பைக்ஸ் வாங்குவதைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். உண்மையில் விலை அதிகம். தோட்டத்தில் நாட்சம்பளம் 2024இல்தான் 1350 ரூபாய்க்கு வந்தது. அந்த மாதிரிச் சம்பளத்தில் வாழ்கிற குடும்பம் ஒரு ஜோடி ஸ்பைக்ஸுக்குப் பணம் ஒதுக்க முடியாது. புல்தரையில் பழகுவதற்குச் சாதாரண கன்வஸ் சப்பாத்தே போதும். வெறும் காலிலும் ஓடலாம். நான் பாடசாலையில் ஓடியதெல்லாம் வெறும் காலில்தான்.

இப்போது டன்பாரில் நான் தனியாக இல்லை. எங்கள் பழைய தோட்டத்து டிவிஷனிலிருந்து கொழுந்தெடுக்கும் இரண்டு பேர் ஞாயிறு காலையில் வருகிறார்கள். ஒருத்தி எனக்குத் தங்கச்சி முறை, மற்றவர் மதினி முறை. இருவரும் சின்ன வயதில் என்னோடு இல்லப் போட்டியில் ஓடியவர்கள். மதினியின் புறப்பாட்டைப் பார்த்தால் நானே பயப்படுவேன். அறுபதுக்குப் பிறகு அவரும் மேடுதான் ஏறுகிறார். குழாய்த் துண்டுகளைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். "என்ன டீச்சர், பாண்டி விளையாடச் சொல்றீங்களா?" என்று சிரித்தார், ஆனால் விடாமல் செய்கிறார்.

அடுத்த வருடம் 4 தர 100 மீற்றர் அஞ்சலோட்டத்துக்கு ஒரு அணி போட வேண்டும் என்பது எங்கள் ஆசை. மூத்தோர் அஞ்சலோட்டத்தில் அணியின் வயதை, நால்வரில் இளையவரின் வயதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். இதில்தான் ஒரு சிக்கல். தங்கச்சிக்கு என் வயதுதான், இருவரும் ஒரே வகுப்பு. ஆனால் அவளுடைய பிறப்பு பிந்திப் பதியப்பட்டதால் அடையாள அட்டையில் ஐந்து வயது குறைவாக இருக்கிறது. அதை வைத்து ஓடினால் அணி முழுவதும் 40–44 பிரிவுக்குப் போய்விடும், எங்களைவிட இளையவர்களோடு ஓட வேண்டிவரும். தோட்டங்களில் இது புதுக்கதை இல்லை. ஊழியர் சேமலாப நிதிப் பணம், காணி உறுதி என்று எல்லாவற்றிலும் இந்த வயதுக் குழப்பம் வந்து நிற்கும். பழைய பாடசாலைச் சேர்வு இடாப்பின் பிரதியையும், அவளுடைய அம்மாவின் தோட்டப் பதிவையும் எடுத்து, திருத்தத்துக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். ஒரு கடிதம் குறைகிறது என்று இரண்டாம் தடவையும் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தையும் வாங்கிவிட்டோம், வரும் செவ்வாய்க்கிழமை நான் லீவு போட்டு அவளோடு போகிறேன்.

நான்காவது ஆள் இன்னும் கிடைக்கவில்லை. 45 வயது நிறைந்த பெண்ணாக இருந்தால் போதும், பக்கத்தில் ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், தலவாக்கலை எங்கே இருந்தாலும் பரவாயில்லை. முன்பு ஓடியிருக்க வேண்டும் என்றும் இல்லை. வருகிறவர் அணியில் மூன்றாவதாக, வளைவில் ஓட வேண்டும். தோட்டத்து மைதானத்தில் ஓடிப் பழகியவர்களுக்கு வளைவு யாரும் சொல்லிக்கொடுக்காமலே வரும்.